துருவுக்கும் ஊர் உண்டு: உப்பு, இரும்பு, குட்டியானை – சில குறிப்புகள்

1

இரும்புக்குத் தொன்மை தேடும் காலத்தில் இருக்கிறோம். 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பை வைத்து, தமிழ் நிலத்தில் இரும்பின் வயதைச் சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டு நிறுத்தியது. புதுக்கோட்டைக்காரர்களுக்கும் இந்தப் பெருமிதத்தில் பங்குண்டு. 2023இல் அரசுத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய பொற்பனைக்கோட்டைப் பகுதியில் இரும்பு உருக்கிய தடயங்கள் உண்டு. செம்புறாங்கல் பூமி இது. கல்லுக்குள்ளேயே இரும்பு இருக்கிறது.

பெருமை பேசுகிறவர்கள் பேசட்டும். என் சங்கடம் வேறு. இரும்பின் வரலாறு எப்போதும் பிறப்பின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. யார் முதலில் உருக்கினார்கள், எந்த நூற்றாண்டில், வடக்கிலா தெற்கிலா என்ற கேள்விகளோடு சொல்லாடல் முடிந்துவிடுகிறது. உருக்கிய மறுநாளே இரும்பு மண்ணுக்குத் திரும்பும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதைத் திரும்பவிடாமல் சுரண்டி, எண்ணெய் பூசி, தீட்டி, ஒட்டுப்போட்டு வைத்திருந்த கைகள் யாருடையவை? உருக்கியவனுக்காவது உலைச் சாம்பல் சாட்சியாக மிஞ்சுகிறது. துடைத்தவனுக்கு என்ன மிஞ்சும்? அவன் வேலை ஒழுங்காக நடந்தால் எந்தத் தடயமும் இருக்காது.

துருவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதைப் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் மீன் ஏற்றி ஓடும் சிறு சரக்கு வண்டிகளை வைத்துத் தொடங்கிப் பார்க்கிறேன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் பக்கம் போகிறவர்கள் இந்த வண்டிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தால் போதும். ஆவணக் காப்பகம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2

முதலில் உப்பு. தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. நாலாபுறமும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். ஆனாலும் உப்பு இருந்தது. உவர்மண்ணைச் சுரண்டி, கரைத்து, வடித்து எடுக்கும் மண்ணுப்பு. இதையே பிழைப்பாகக் கொண்ட சாதியாருக்கு உப்பிலியர் என்றே பெயர் வந்தது. கடலுப்புக்கு வரி போட்டு வாழ்ந்த பிரிட்டிஷ் அரசுக்கு, நடுவில் ஒரு சமஸ்தானத்தில் வரியில்லா உப்பு விளைவது கண்ணில் விழுந்த தூசி. 1887இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சமஸ்தானம் மண்ணுப்புத் தொழிலை நிறுத்திவிட வேண்டும்; பதிலுக்கு பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் இழப்பீடு தரும்.

இந்த 38,000 என்ற எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். இழப்பை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கணக்கில் வந்தது தர்பாரின் இழப்பு. உவர்மண் சுரண்டியவனின் இழப்புக்கு அந்த ஏட்டில் பத்தி இல்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய்க் கடலுப்பு அள்ளியதை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்துச் சமஸ்தானத்தில் ஒரு காகிதக் கையெழுத்தால் உப்பு பறிபோனது பாடத்தில் இல்லை.

இழப்பு ஒருவனுக்கு, இழப்பீடு இன்னொருவனுக்கு. இந்த வாய்ப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர்ந்தது. அப்போதுதான் புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது. சுமார் 42 கிலோமீட்டர். கடல் கிடைத்தது என்றால் மீன் கிடைத்தது, உப்புக்காற்று கிடைத்தது, துருவும் கிடைத்தது என்று அர்த்தம்.

3

உப்பும் வண்டியும் நமக்குப் பழைய சோடி. சங்கப் பாடல்களின் உமணர்கள் உப்பு மூட்டையோடு மாட்டுவண்டிகளை வரிசையாக ஓட்டிப்போனவர்கள். வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. பராமரிப்பு என்ற சொல் வருவதற்கு முன்பே பராமரிப்பு இருந்திருக்கிறது. வண்டி வழியில் நொறுங்கும் என்று தெரிந்தவன்தான் மாற்று அச்சு கட்டுவான்.

மரவண்டியில் இரும்பு கொஞ்சம்தான். சக்கரத்துப் பட்டா, அச்சாணி, சில ஆணிகள். மோட்டார் வண்டியில் கதை தலைகீழ். 1986இல் டாடா 407 வந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்தது; நம்ம ஊர்க்காரர்கள் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தார்கள். லாரி வாங்க முடியாதவனும் டியூ கட்டி ஒரு வண்டிக்கு முதலாளி ஆகலாம் என்ற வாக்குறுதி அதற்குள் இருந்தது. அதன் பிறகு பிக்கப்புகள் வந்தன.

மீனுக்கு இந்த வண்டி தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன்கூடையைப் பொதுப் பேருந்து விருப்பத்தோடு ஏற்றிக்கொண்ட காலம் எதுவும் இல்லை. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதும், பிறகு பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதும் செய்தியானது. செய்தியாகாதவை எத்தனையோ. பேருந்து தள்ளிவைத்த சரக்கை நாலைந்து பேர் கூட்டுச்சேர்ந்து குட்டியானையில் ஏற்றினார்கள். பேருந்துக்கு வேண்டாத மீன்தண்ணி குட்டியானையின் தகட்டுக்குள் இறங்கியது.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு வண்டிக்காரரிடம் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன்.

‘என்னண்ணே, இஞ்சினு நல்லாத்தான் ஓடும். அடியில தகடு தாங்கணும்ல. டியூ முடியறதுக்குள்ள ஃப்ளோர் முடிஞ்சிருது. ஒரே மாடல் வண்டிய கீரனூர்ல ஜல்லி அடிக்கிறவன் வச்சிருக்கான், இன்னும் புதுசாட்டம் நிக்குது. நாங்க பின்கதவு கீலை மட்டும் மூணுதடவ மாத்திட்டோம்.’

ஒரே வண்டி, ஒரே விலை, ஒரே டியூ, ஆயுள் மட்டும் வேறு. நான் சொல்ல வருவதை அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார்.

4

துரு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓட்டுநர்களும் டிங்கர்களும் கையால் அறிந்திருக்கிறார்கள். வேதியியல் அதைத் தன் மொழியில் சொல்கிறது. இரும்பு எலெக்ட்ரானை இழக்கிறது; காற்றின் ஆக்ஸிஜன், தண்ணீரோடு சேர்ந்து, அதை வாங்கிக்கொள்கிறது. நடுவில் மின்னோட்டம் போக ஓர் ஈரப்பாதை வேண்டும். வெறும் மழைத்தண்ணியைவிட உப்புத்தண்ணி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தவிர, உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது.

ஐஸ் உருகி, மீன் ரத்தமும் கடல்தண்ணியும் கலந்து, ஃப்ளோர் தகட்டின் இணைப்பு வழியாகச் சேசிஸில் இறங்குகிறது. சேசிஸின் பெட்டி வடிவக் குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் உண்டு. மண்ணும் மீன்செதிலும் அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே தொட்டி கட்டினாற்போல நிற்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் சட்டம் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது.

இன்னொன்று. உப்பு காய்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரம் உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். கடற்கரையில் ராத்திரிக் காற்று அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே பகலில் காயும் வண்டி ராத்திரியில் மறுபடி நனைகிறது, மழையே இல்லாமல். இரக்கப்பட்டுத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

இங்கே மார்க்ஸ் நினைவுக்கு வருகிறார். மூலதனம் முதல் தொகுதியில் இயந்திரத்தின் பௌதிகத் தேய்மானத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பயன்படுத்துவதால் வருவது ஒன்று. அதற்கு நாணயம் உதாரணம். பயன்படுத்தாமல் போடுவதால் வருவது மற்றொன்று. அதற்கு உறையில் கிடந்து துருப்பிடிக்கும் வாள் உதாரணம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன்வண்டிகளுக்கும் லோடு குறைகிறது, பல வண்டிகள் சும்மா நிற்கின்றன. உள்ளே உப்பு, ராத்திரி ஈரம், அசையாத இரும்பு. மார்க்சின் வாள் உறைக்குள் கிடக்கிறது, உறையோ உப்பால் தைக்கப்பட்டது. தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பங்களுக்கு உண்டு. வண்டிக்காரருக்கு வண்டிக்காரர் என்ற முறையில் அதில் இடமில்லை. டியூவுக்குத் தடைக்காலம் கிடையாது.

மார்க்சின் இரண்டு வகைக்கும் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வேண்டியிருக்கிறது: தேய்மானத்துக்கு ஊர் உண்டு.

5

இந்த ஊரைத்தான் சட்டமும் கணக்கும் பார்க்க மறுக்கின்றன.

இந்திய மோட்டார் காப்பீட்டு விதிகளில் தேய்மான அட்டவணை ஒன்று இருக்கிறது. விபத்தில் உலோகப் பாகம் மாற்றினால் வண்டியின் வயதுக்கேற்ப ஒரு சதவீதம் கழிப்பார்கள். 6 மாதம் வரை ஒன்றுமில்லை. ஓராண்டு வரை 5. பிறகு 10, 15, 25, 35 என்று ஏறி, 5 ஆண்டுக்கு மேல் 40, 10 ஆண்டுக்கு மேல் 50. அதாவது இரும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வயதாகிறது என்பது அட்டவணையின் நம்பிக்கை. கீரனூர் இரும்புக்கும் கோட்டைப்பட்டினத்து இரும்புக்கும் ஒரே ஜாதகம். துருவுக்கோ காப்பீடே இல்லை. அது ‘சாதாரணத் தேய்மானம்’ என்ற தலைப்பில் விலக்கப்பட்டிருக்கிறது. எது சாதாரணம் என்று தீர்மானித்தவர் கடற்கரையில் வண்டி ஓட்டியவராக இருக்க வழியில்லை.

இடத்துக்கேற்ற அறிவு நம்மிடம் இல்லையா? பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி, அரிமானத்தைத் தன் முக்கியத் துறைகளில் ஒன்றாகக் கொண்டது. மண்டபத்தில் கடல்சார் அரிமான ஆய்வுக்கு இடம் வைத்திருந்தது. பல ஊர்களில் உலோகத் துண்டுகளைக் காற்றில் தொங்கவிட்டு, எடை இழப்பை அளந்து, இந்தியாவுக்கே ஓர் அரிமான வரைபடம் தயாரித்தது. எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது விஞ்ஞானத்துக்குத் தெரியும். காப்பீட்டு அட்டவணைக்குத்தான் தெரியவில்லை.

அரசுக்கும் தெரியும், தன் இரும்பைப் பொறுத்தவரை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உலகத்திலேயே அரிமானம் மிகுந்த இடங்களில் ஒன்றில் நிற்கிறது என்று சொல்லிச் சொல்லியே பராமரிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுதும் பற்றவைத்த இணைப்புகள். நல்லதுதான். தேசத்தின் இரும்பு என்றால் உப்பு ஒரு பிரச்சினை. வண்டிக்காரனின் இரும்பு என்றால் அது அவன் விதி.

தண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். ரயில் கழிவறைகளிலிருந்து நேரே பாதையில் விழும் மலம் தண்டவாளத்தை அரிக்கிறது என்பதை 2012இல் ரயில்வே பாதுகாப்பு பற்றிய அனில் ககோட்கர் குழு எடுத்துக்காட்டி, அத்தகைய கழிவறைகளை ஒழிக்கச் சொன்னது. அதே பாதையில் மலத்தை அள்ளிய மனிதர்களின் தோல் அரிக்கப்பட்டதைத் தலித் இயக்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன. இரும்பு அரிப்பது பொறியியல் அறிக்கையாகிறது. கை அரிப்பது மனுவாகவே கிடக்கிறது. எது துருப்பிடித்தால் செலவு, யார் துருப்பிடித்தால் சாதாரணம் என்று பிரிக்கும் கோடு சாதியின் வழியாகவும் போகிறது.

6

வெளியே பார்ப்போம். அமெரிக்காவில் பனியுறைந்த சாலையில் உப்புத் தூவும் பழக்கம் 1930களின் இறுதியில் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கியது. 1941–42 குளிர்காலத்தில் அந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் தூவியது 5,000 டன். இன்று ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல். அங்கே சாலையில் உப்பைப் போடுவது அரசாங்கம். வண்டி ஓடுகிறது, வண்டியின் அடி கரைகிறது. டொயோட்டாவின் டகோமா முதலிய பிக்கப்புகளின் சட்டகம் துருப்பிடித்து ஓட்டை விழுவதாக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் ஏற்பட்ட உடன்பாடு சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தழுவியது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட அளவு ஓட்டை விழுந்திருந்தால் சட்டகத்தையே மாற்றித்தர வேண்டும். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் துருவுக்கு ஒரு விலையும் பொறுப்பாளியும் ஏற்பட்டுவிட்டன.

அமெரிக்க நுகர்வோரை நாம் பொறாமைப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சாலை உப்பு அங்கே பொதுக் காரியம் என்பதால் துருவும் பொதுப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிந்தும் உப்புத்தண்ணி மீன்வண்டியிலிருந்தே வருகிறது. அதனால் குற்றவாளியும் பாதிக்கப்பட்டவனும் ஒரே ஆள். ‘உன் மீன்தண்ணி, உன் வண்டி, நீ பாத்துக்க.’ வழக்குப் போட எதிராளி இல்லை. மூன்றாம் கையாக வண்டி வாங்கியவனுக்குக் கம்பெனி உத்தரவாதமும் இல்லை.

7

பிறகு என்னதான் செய்கிறார்கள்? அறந்தாங்கியில் ஒரு டிங்கர் பட்டறையில் வயதான தொழிலாளி ஒருவர் சொன்னதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

‘தம்பி, எப்.சி.க்கு வர்றப்பதான் எல்லாருக்கும் துரு ஞாபகம் வரும். மேலாக்க உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஓட்டையில பட்டி வச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல பெயிண்ட அடிச்சுக் குடுன்னுவாக. அடியில உப்பு இருக்கயில பெயிண்ட் அடிச்சா அது புண்ணு மேல பவுடர் போட்ட மாதிரி. மூணு மாசத்துல பொத்துக்கிட்டு வந்துரும். சிலபேரு வேஸ்ட் ஆயில அடிப்பாக. ஆயில்ல மண்ணு ஒட்டும், மண்ணு ஈரத்தப் புடிச்சு வச்சுக்கும், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப்போகும். லோடு எறக்குன அன்னைக்கே நல்லதண்ணி வச்சு அடியக் கழுவணும். ஓட்டைய கம்பி விட்டுக் குத்திவிடணும். வெயில்ல காயணும். வெள்ளையா இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டிட்டுத்தான் பிரைமர். ரெட் ஆக்சைடு மட்டும் போட்டு விட்டா தண்ணி உள்ள எறங்கும், மேல பெயிண்ட் கட்டாயம். சட்டத்துக்குள்ள மெழுகோ கிரீஸோ போகணும். அம்புட்டுத்தான்.’

அம்புட்டுத்தான். இதில் விஞ்ஞானத்துக்கு விரோதமான ஒரு சொல்லும் இல்லை. துத்தநாகக் கட்டை வைத்துப் படகைக் காப்பதுபோல வண்டியையும் காக்கலாம் என்று கருவி விற்பவர்களைப் பற்றியும் கேட்டேன். சிரித்தார். படகு எப்போதும் தண்ணீரில் கிடப்பதால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. காற்றில் ஓடும் வண்டியில் அந்த ஈரப்பாதை தொடர்ச்சியாக இல்லை. தகட்டின் மேல் முழுதும் பூசிய துத்தநாகமே பயன்படும். அவர் மொழியில்: ‘ஒட்டியிருந்தாத்தான் ஒறவு.’

அவருடைய பட்டியலில் மிகக் கடினமான சொல் ‘நல்லதண்ணி’. இந்தக் கடலோர ஊர்கள் பலவற்றில் போர் போட்டால் உப்புத்தண்ணிதான் வரும். அதில் வண்டி கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவது. நல்லதண்ணி குழாயில் முறை வைத்து வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்பது பெண்கள். ஒரு வண்டியின் அடியை ஒழுங்காகக் கழுவ எத்தனை குடம் வேண்டும்? வண்டியின் ஆயுள் வீட்டுப் பெண்களின் இடுப்பில் வந்து ஏறுகிறது. வண்டியைக் காப்பாற்று என்று ஓட்டுநருக்கு அறிவுரை சொல்லும் கையேடுகள் எதிலும் இந்தக் குடம் இல்லை. பட்டறையில் முகமூடி இல்லாமல் கிரைண்டர் பிடித்துத் துருத்தூளையும் பட்டித்தூளையும் சுவாசிக்கும் பையன்களும் இல்லை.

எப்.சி. என்ற தகுதிச் சான்றும் இதே பார்வைக் குறைபாட்டோடுதான் இயங்குகிறது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறை, பிறகு ஆண்டுதோறும். இங்கும் காலம் மட்டுமே அளவுகோல். சான்று வாங்கும் நெருக்கடி துருவை மறைக்கும் வேலைக்குக் கூலி கொடுக்கிறது, அகற்றும் வேலைக்குக் கொடுப்பதில்லை. உள்ளே கரைந்த சட்டத்தோடு புதுப் பெயிண்டில் ஓடும் வண்டி ஒருநாள் லோடோடு முறியும். அன்றைக்கு வழக்கு ஓட்டுநர் மேல்.

8

மீன் இறங்குதளங்களில் படகுக்கு டீசலும் ஐஸும் கிடைக்க ஏற்பாடு இருப்பதுபோல, வண்டியின் அடியைக் கழுவ நல்லதண்ணி ஏற்பாடு வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. மீன்தண்ணி சிந்தாத, அடியில் வடிகுழாயும் சேகரிப்புத் தொட்டியும் கொண்ட பெட்டிகளுக்கு மானியம் வேண்டும் என்பது இன்னொன்று. அதனால் சாலையும் பிழைக்கும், பின்னால் வருகிறவனும் பிழைப்பான். காப்பீட்டுத் தேய்மான அட்டவணையில் அரிமான வரைபடம் இடம்பெற வேண்டும். ஆனால் கடற்கரை வண்டியின் மதிப்பை இன்னும் குறைப்பதற்கு அதைப் பயன்படுத்திவிடாமல், துருவைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதற்குப் பயன்படுத்த வைக்க வேண்டும். அந்த ஆபத்து உண்மையானது. அறிவு எந்தப் பக்கம் சாயும் என்பதை 1887இன் 38,000 ரூபாய் நமக்குக் காட்டியிருக்கிறது. தடைக்காலத்தில் மீன்வண்டித் தொழிலாளரின் டியூவுக்கு விடுப்பு கேட்பதை மீனவர் சங்கங்களும் ஓட்டுநர் சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டும். இரண்டும் இன்று தனித்தனியே மனுக் கொடுக்கின்றன.

இவை சீர்திருத்தக் கோரிக்கைகள்தானே என்று தோழர்கள் கேட்கலாம். ஆமாம். உப்புக்கு வரி வேண்டாம் என்பதும் அப்படித்தான் தொடங்கியது.

எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கை வேறு. வட்டார வரலாறு என்றால் கல்வெட்டு, கோட்டை, செப்பேடு என்று பழகிவிட்டோம். உங்கள் ஊர் டிங்கர் பட்டறைக்கு ஒரு நோட்டோடு போங்கள். எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் போகிறது, யார் மாற்றுகிறார்கள், என்ன கூலி, எந்தத் தண்ணியில் கழுவுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். காரைக்குடி ஆய்வகம் தொங்கவிட்ட உலோகத் துண்டுகளைப் போலவே ஒவ்வொரு மீன்வண்டியும் இந்தக் கடற்கரையில் தொங்கும் ஒரு துண்டுதான். எடை இழப்பை அளக்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை.